முந்நூற்றுப் பதினாலு

ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து மூன்று டொலரும் நாற்பது சதமும். கணேசலிங்கம் ஜெயரட்ணத்துக்குக் கொடுக்கவேண்டிய காசு அவ்வளவு. எழுத்துத் தெரியாதவன் மறந்துவிடுவானோ என்று ஜெயரட்ணம் ஒவ்வொரு சனிக்கிழமையும் அதை வாயால் சொல்லிக் காட்டுவார். நாற்பது சதத்தை அவர் ஒருநாளும் விட்டுச் சொன்னதில்லை.

கணேசலிங்கம் கப்பலில் எண்ணெய் துடைக்கிற வேலைக்கு வந்தவன். எழுபத்து நாலாம் ஆண்டு சிட்னியில் இறங்கியவன் கப்பலுக்குத் திரும்பிப் போகவில்லை. ஊர்க்காரர் ஒருவர் மெரிலேண்ட்ஸில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, போட்டிருந்த சட்டையோடு ஜெயரட்ணத்தின் கதவைத் தட்டினான். அவர் பின்வளவுக் கராஜில் ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தார். வேலை இல்லாமல் ஒளித்துக் கிடந்த காலத்துச் சோறு, கட்டில் வாடகை, பிறகு அரசாங்கம் பொதுமன்னிப்புக் கொடுத்தபோது பத்திரம் எழுத வக்கீலுக்குக் கொடுத்த காசு, இவ்வளவையும் கூட்டி அதற்கு வட்டியும் போட்டு வந்த தொகை அது. இப்போது அவன் கிரான்வில்லில் ஒரு ரயர் கடையில் சில்லுக் கழற்றிப் பூட்டுகிறான். சம்பளத்தில் வாடகை போய், ஊருக்கு அனுப்புவது போய், மிச்சத்தை அவர் கையில் கொடுப்பான். அதை வட்டி தின்றுவிடும். முதல் அப்படியே இருக்கும்.

ஊரில் அவன் மனைவி இராஜேஸ்வரி இருந்தாள். கலியாணம் கட்டி எட்டு மாதத்தில் விட்டுவிட்டு வந்தவன். ஐந்து வருஷம் போய்விட்டது. வெள்ளைக்காரி ஒருத்தியோடு இருக்கிறான் என்று அங்கே கதை கட்டிவிட்டார்கள். வருகிற தைக்குள் கூப்பிடாவிட்டால் தங்கச்சியை வேறு இடத்தில் கட்டிக்கொடுப்போம் என்று அவளுடைய அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தான். கூப்பிடுவதென்றால் சொந்த வீடு உள்ள ஒருவர் பொறுப்பு நின்று பத்திரத்தில் கையெழுத்து வைக்கவேண்டும் என்று ஜெயரட்ணம் சொல்லியிருந்தார். பத்திரம் அவரிடம்தான் இருந்தது.

"கடன் தீரட்டும். அண்டைக்கே கையெழுத்து வைக்கிறன்," என்பார். "நான் சொன்ன சொல்லு மாறமாட்டன் எண்டு உனக்குத் தெரியும்தானே."

ஜெயரட்ணம் ஒரு லேத் பட்டறையில் போர்மன். ஞாயிற்றுக்கிழமையில் துவக்குக் கிளப்புக்குப் போய் வெள்ளையரோடு நின்று குறிபார்த்துச் சுடுவார். அங்கே அவரை ஜெரி என்று கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிட்டதை வீட்டில் வந்து இரண்டு தரம் சொல்லுவார். பழைய பட்டாளத்துத் துவக்கு ஒன்றை மலிவாக வாங்கியிருந்தார். துவக்கு மலிவுதான், அதற்குள் போட்டுச் சுடுகிற சன்னம் மலிவில்லை. ஆகவே சன்னத்தை வீட்டிலேயே வார்ப்பதென்று முடிவெடுத்து, இரும்பு அச்சு ஒன்றும் வாங்கிவந்தார். சில்லுச் சமநிலைக்குக் கொழுவுகிற ஈயத்துண்டுகள் ரயர் கடையில் வாளி வாளியாகக் கழிந்து கிடந்தன. அவற்றைச் சுமந்துவர ஆள் இருந்தது. உருக்கவும் அதே ஆள்தான்.

ஜெயரட்ணத்தின் மனைவி விமலாதேவி அக்கா ஊரிலிருந்து கொண்டுவந்த இரும்புத் தாச்சியில் ஈயம் உருகியது. அவளிடம் கேட்கவில்லை. குசினியில் தொங்கியதை ஜெயரட்ணம் எடுத்துவந்து காஸ் அடுப்பில் வைத்தார். அவள் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

முதல் மாதம் வார்த்த சன்னங்கள் சுருங்கின தோலோடு வந்தன. அச்சு சூடேறவேண்டும் என்பது பிறகுதான் பிடிபட்டது. தோல் வழுவழுப்பாக வந்த பிறகு வேறு கோளாறு. ஒரு ஞாயிறு பின்னேரம் ஜெயரட்ணம் கிளப்பிலிருந்து வந்து, சுட்ட கடதாசியைக் கராஜ் மேசையில் விரித்தார்.

"இது என்ன?"

"ஓட்டை, அண்ணை."

"சன்னம் போன ஓட்டை வட்டமா இருக்கவேணும். இது சாவித் துவாரம் மாதிரிக் கிடக்கு. உன்ர சன்னம் நேர போகேல்லை, குத்துக்கரணம் அடிச்சுக்கொண்டு போகுது. வெள்ளையள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்கள். ஏன் சிரிக்கிறாங்கள்?"

"தெரியாது, அண்ணை."

"உனக்கு என்னதான் தெரியும்."

குற்றம் அளவில் இருந்தது. பல கை மாறிய துவக்கு, குழாய் தேய்ந்து அகன்றிருந்தது. ஜெயரட்ணம் மெத்தென்ற ஈயத்துண்டு ஒன்றைக் குழாய்க்குள் கம்பியால் அடித்து மறுபக்கம் தள்ளி எடுத்து, மைக்ரோமீற்றரில் அளந்து பார்த்தார். ஒரு அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் முந்நூற்றுப் பதின்மூன்று. சன்னம் அதைவிட ஒரு பங்கு தடிப்பாய் இருக்கவேண்டும், முந்நூற்றுப் பதினாலு. அப்போதுதான் குழாய்க்குள் இறுகப் பிடித்துச் சுழன்றுகொண்டு போகும். இந்த அச்சு தருவது முந்நூற்றுப் பதினொன்று. புகை பக்கத்தால் பிய்த்துக்கொண்டு போக, சன்னம் குழாய்க்குள் ஆடி ஆடிப் போய் வெளியில் புரண்டது.

"அப்ப பேசிக்கொள்ளுவம்," என்றார் ஜெயரட்ணம். "நூறு சன்னம் முந்நூற்றுப் பதினாலு வந்தால் உன்ர கணக்கில அஞ்சு டொலர் கழிப்பன். வராட்டில் காஸ் செலவுக்கு ஒரு டொலர் கூட்டுவன். நியாயம்தானே?"

கணேசலிங்கம் மனதில் கணக்குப் பார்த்தான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் குனிந்து நின்றால் நானூறு வார்க்கலாம். தைக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது. கடன் முழுக்கத் தீராவிட்டாலும் பாதி தீர்ந்தால் மனிதர் இரங்குவார் என்று நினைத்தான்.

"ஓம், அண்ணை."

அன்றிலிருந்து அவனுடைய சனி, ஞாயிறு ஈயத்துக்குப் போனது. வாயில் எந்நேரமும் ஒரு இனிப்புக் கைப்பு நின்றது. சோறு இறங்காது. முழங்கைவரை பொட்டுப் பொட்டாகச் சுட்ட தழும்பு. மத்தியானத்தில் விமலாக்கா பால் விடாத தேத்தண்ணியைக் கொண்டுவந்து வாசலில் வைப்பாள். "கையைக் கழுவிப்போட்டுக் குடியுங்கோ, தம்பி," என்பாள். அந்த வீட்டில் அவனை மரியாதை வைத்துப் பேசியது அவள் ஒருத்திதான்.

அச்சைக் குடைந்தால் கெட்டுப்போகும், குடையாவிட்டால் அளவு வராது. ஒருநாள் ஈயப் பொருக்கு ஒன்று அச்சின் இரண்டு பாதிக்கும் நடுவில் அகப்பட்டு அது சரியாக மூடாமல் நின்றது. அன்று விழுந்த சன்னங்கள் ஒரு பக்கம் புடைத்திருந்தன. அதைக் கையில் உருட்டிப் பார்த்துக்கொண்டு நின்றவன், விமலாக்காவிடம் போய், அடுப்பில் இறைச்சி சுற்றுகிற வெள்ளித்தாளில் ஒரு கீலம் கேட்டான். அதை மடித்து அச்சின் முகத்தில் வைத்து மூடி வார்த்தான். தடிப்பாய் வந்தது. அந்தத் தடிப்பைச் சரியான வட்டத்துக்கு நெரித்து எடுக்க, ஜெயரட்ணம் பட்டறையில் இரும்பு வளையம் ஒன்று கடைந்துவந்தார். சன்னத்தை அதற்குள்ளால் தள்ளினால் மறுபக்கம் பளபளவென்று விழும்.

ஜெயரட்ணம் ஒன்றை எடுத்து மைக்ரோமீற்றரின் வாய்க்குள் வைத்துத் திருகினார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"பதினொண்டு," என்றார்.

"இல்லை அண்ணை, கைக்கே தடிப்புத் தெரியுது."

"கைக்குத் தெரியுமெண்டால் நான் ஏன் எண்பது டொலர் குடுத்து இதை வாங்கினனான்? வாசிக்கத் தெரியுமோ உனக்கு? இந்தா, வாசி."

கணேசலிங்கம் வாங்கிப் பார்த்தான். வெள்ளி உருளையில் எறும்பு ஊர்ந்த மாதிரிக் கோடுகள். திருப்பிக் கொடுத்தான்.

"ஒரு டொலர் கூடியிட்டுது. சன்னத்தைத் தா, நான் பேந்து உருக்கிறன்."

பிழையென்று தள்ளிய சன்னங்களை அவர் டப்பாவில் அள்ளிக்கொண்டு வீட்டுக்குள்ளே போனார். அடுத்த கிழமையும் பதினொன்று. வெள்ளித்தாளை இரண்டு மடிப்பாக்கிப் பார்த்தான், மூன்றாக்கிப் பார்த்தான். பதினொன்று, மிஞ்சினால் பன்னிரண்டு. எப்போதாவது ஒரு நூறைச் சரி என்று ஒப்புக்கொண்டு ஐந்து டொலர் கழிப்பார். ஆவணி முடிய, கழித்ததைவிடக் கூட்டினது கூடிப்போயிருந்தது.

அந்த வருஷம்தான் கணேசலிங்கம் பரமற்றாவில் செவ்வாய்க்கிழமை பின்னேரம் நடந்த வகுப்புக்குப் போகத் தொடங்கினான். வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளருக்கு இலவசமாக எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். மனைவியைக் கூப்பிடுகிற பத்திரத்தில் தன் பெயரைத் தானே எழுதவேண்டும் என்பது அவனுடைய ஆசை. விரல் தடித்துப்போன மனிதனுக்குப் பென்சில் வழுக்கியது. ஆனாலும் எழுத்துக்கு முதல் இலக்கம் வந்தது.

புரட்டாதியில் ஒருநாள் விமலாக்கா தேத்தண்ணி வைக்கும்போது, "நீங்கள் பாவம் தம்பி, இவ்வளவு மாய்ஞ்சு செய்யிறியள். அதுதான் கிளப்பில எல்லாரும் கேட்டுக் காசு குடுத்து வாங்கினமாம்," என்றாள்.

"என்னத்தை அக்கா?"

"உந்தச் சன்னத்தைத்தான். பெட்டி பெட்டியா அடுக்கிக் கொண்டு போறார். அவையின்ர துவக்குகளும் இதுமாதிரிப் பழசாம்." சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதோ?"

அடுத்த ஞாயிறு காலை, பிறகு உருக்குகிறேன் என்று ஜெயரட்ணம் எடுத்துப்போன டப்பாவைத் தேடிக் குசினி யன்னலுக்கு வெளியே போய் நின்றான். உள்ளே மேசையில் கடதாசிப் பெட்டிகள். ஜெயரட்ணம் ஒவ்வொரு சன்னமாய் அளந்துகொண்டிருந்தார். கராஜில் அளக்கிறதுபோல இல்லை. மைக்ரோமீற்றரின் நுனியில் உள்ள சின்னத் திருகாணியை இரண்டு விரலால் மெல்லச் சுற்ற, அது கிளிக் கிளிக் என்று சத்தம் போட்டு நின்றது. அதோடு விட்டார். கராஜில் அந்தச் சத்தத்தை அவன் ஒருநாளும் கேட்டதில்லை. அங்கே நடுவுருளையை முழுக்கையால் பிடித்து, மெத்தென்ற ஈயம் நசியும்வரை இறுக்குவார்.

ஜெயரட்ணம் கிளப்புக்குப் போன பிறகு, அவன் குசினிக்குள் போய் மைக்ரோமீற்றரை எடுத்தான். விமலாக்கா கீரை ஆய்ந்துகொண்டு இருந்தாள். பார்த்துவிட்டு அடுத்த பிடியை எடுத்தாள். தன் சட்டைப் பையில் கிடந்த சன்னம் ஒன்றை வைத்து, நுனித் திருகாணியைச் சுற்றினான். கிளிக் கிளிக். இலக்கத்தை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தான். முந்நூற்றுப் பதினாலு. பிறகு ஜெயரட்ணம் செய்வதுபோல உருளையைப் பிடித்து நெரித்தான். முந்நூற்றுப் பதினொன்று.

கேட்டிருக்கலாம். கேட்டால் அன்றைக்கே கராஜ் இல்லை, கையெழுத்தும் இல்லை. மைக்ரோமீற்றரைத் துடைத்து இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போய் அடுப்பை மூட்டினான்.

சரஸ்வதி பூசை வந்தது. அந்த வருஷம் விசயதசமி, அக்டோபர் முதல் திங்கட்கிழமை, தொழிலாளர் தின லீவு நாளோடு சேர்ந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜெயரட்ணம் குளித்து வேட்டி கட்டி, வீட்டுக் கூடத்தில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் துவக்கு, மைக்ரோமீற்றர், அச்சு, இரும்பு வளையம் எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பினார். கேக் தட்டில் ஊற்றி ஆறவைத்த ஈயக்கட்டிகளையும் ஒரு தட்டம் நிறைய வைக்கச் சொன்னார். விமலாக்கா மஞ்சள் தண்ணீர் தெளித்து எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தாள். ஈயம் ஆறும்போது நடுவில் உள்ளே இழுத்துக் குழி விழும். பொட்டு வைக்க அந்தக் குழி வாய்ப்பாய் இருந்தது. சந்தனத்தை நன்றாகக் கரைத்து ஒவ்வொரு குழியையும் நிரப்பி, மேலே குங்குமமும் வைத்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

உருகின ஈயத்தில் ஒரு துளி தண்ணீர் படக்கூடாது. அச்சு வாங்கிய கடைக்காரன் முதல் நாளே அதைச் சொல்லியிருந்தான். தண்ணீர் அடியில் அகப்பட்டால் ஆவியாகி முழுத் தாச்சியையும் தூக்கி எறியும். அதனால் கணேசலிங்கம் எந்தக் கட்டியையும் துடைத்து, தாச்சி விளிம்பில் வைத்துக் காய்ச்சித்தான் உள்ளே விடுவான். ஜெயரட்ணத்துக்கும் தெரியும். ஆனால் சாமிக்கு வைத்த சந்தனத்தை அவர் தண்ணீர் என்று நினைக்கவில்லை.

திங்கள் காலை வேலை தொடக்க நல்ல நேரம் பார்த்திருந்தார். கணேசலிங்கம் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு கராஜுக்கு நடந்தான். நடக்கையில் பெருவிரல் ஒரு கட்டியின் பொட்டில் அழுந்தியது. மேலே பொருக்காய்க் காய்ந்திருந்த சந்தனம் உடைந்து, விரல் உள்ளே போனது. உள்ளே ஈரம், குழம்பாய்க் கிடந்தது. விரலை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தான். தட்டத்தை மேசையில் வைத்து, வழக்கம்போலக் கட்டியைத் துடைக்கத் துணியை எடுத்தான்.

"பொட்டை அழிக்காதை," என்றார் ஜெயரட்ணம். "விசயதசமி. முதல் கட்டி நான்தான் போடுறது."

தாச்சியில் ஈயம் கண்ணாடிபோல நின்றது. கண்ணுக்குப் போடுகிற பட்டறைக் கண்ணாடி ஆணியில் தொங்கியது. நெற்றிப் பொட்டுக் கலையும் என்று அவர் அதை எடுக்கவில்லை. விமலாக்கா கர்ப்பூரத் தட்டோடு குசினிப் படியில் வந்து நின்றாள்.

ஜெயரட்ணம் தட்டத்திலிருந்து ஒரு கட்டியை எடுத்துக் கண்ணில் ஒற்றினார். கணேசலிங்கம் வாயைத் திறந்தான். அண்ணை, அது ஈரம். மூன்று சொல். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"என்ன வாயைப் பிளந்துகொண்டு நிக்கிறாய்," என்று ஜெயரட்ணம் சிரித்தார். நல்ல நாளில் நல்ல மனநிலையில் இருந்தார். "நேற்று உன்ர கணக்குப் பார்த்தனான். ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து மூண்டு நாப்பது. போன வருஷம் நிண்ட இடத்திலயே வந்து நிக்கிது பார், சாமி கணக்கு. இப்பிடியே போனால் தைக்கு உன்ர பெண்சாதி வேற ஒருத்தன்ர குசினியில பால் காய்ச்சுவாள். அதுவும் நல்லதுதான். உனக்குப் பிளேன் காசு மிச்சம்."

கணேசலிங்கம் வாயை மூடினான். ஒரு அடி பின்னுக்கு வைத்தான். பிறகு இன்னொரு அடி. தூணுக்குப் பின்னால் தோள் மறைகிறவரை போனான். போகும்போது படியில் நின்ற விமலாக்காவைப் பார்த்தான். அவள் அவனுடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரஸ்வதித் தாயே," என்று சொல்லி ஜெயரட்ணம் கட்டியைத் தாச்சிக்குள் விட்டார்.

ஒரு மூச்சு விடுகிற நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அவர் குனிந்து பார்த்தார். அப்போது தாச்சி எழும்பியது. கூரைத் தகரத்தில் மழை அடித்ததுபோலச் சத்தம். ஈயம் வெள்ளியாய்க் கூரை மரமெங்கும் தெறித்து, மரத்தில் பட்டது அங்கேயே உறைந்து தொங்கியது. ஜெயரட்ணத்தில் பட்டதும் உறைந்தது. அவர் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைக்கவில்லை, முனகியது.

கணேசலிங்கம் அவரைக் கமக்கட்டில் பிடித்துத் தோட்டத்துப் பைப்படிக்கு இழுத்துக்கொண்டு போய், அம்புலன்ஸ் வரும்வரை தலையைத் தண்ணீருக்குக் கீழே அமர்த்திப் பிடித்தான். கையில் பலம் இருந்தது. இவ்வளவு நாளும் ஈயம் தூக்கின கை.

வலது கண் போய்விட்டது. குறிபார்க்கிற கண். முகத்தில் பாதி, நெருப்பில் போட்ட கடதாசிபோலச் சுருங்கிவிட்டது. உடனே தண்ணீரில் பிடித்தபடியால்தான் மற்றக் கண் தப்பியது என்று வெஸ்ட்மீட் ஆசுப்பத்திரியில் டொக்ரர் சொன்னார்.

கார்த்திகையில் ஜெயரட்ணம் வீட்டுக்கு வந்தார். கூடத்தில், படத்துக்கு முன்னால், கதிரையில் இருந்தார். துவக்கைச் சுவரில் திருப்பி வைத்திருந்தார்கள். ஒரு சனிக்கிழமை கணேசலிங்கத்தைக் கூப்பிட்டார். விமலாக்காவையும் கூப்பிட்டார்.

"என்ர கண்ணை எடுத்தது ஆர்?" என்று கேட்டார். அவளைத்தான் கேட்டார். தினமும் கேட்கிற கேள்வி என்பது அவள் நின்ற நிலையில் தெரிந்தது. "சொல்லு, இவனுக்கு முன்னால சொல்லு."

"நான்தான்," என்றாள் விமலாக்கா.

"எதால எடுத்தனீ?"

"சந்தனத்தால."

"கேட்டியோ, கணேசு? பூசை செய்யச் சொன்னால் புருசனை அவிச்சுப்போட்டாள். நீ இல்லாட்டில் மற்றதும் போயிருக்கும். டொக்ரர் சொன்னவன்." முதுகுக்கு வைத்திருந்த தலையணைக்குக் கீழே இருந்து பத்திரத்தை எடுத்தார். கையெழுத்து ஏற்கெனவே வைத்திருந்தார். ஒரு கண்ணால் வைத்த கையெழுத்து, கோட்டைவிட்டு இறங்கிப் போயிருந்தது. "இந்தா. பெண்சாதியைக் கூப்பிடு. நான் சொன்ன சொல்லு மாறமாட்டன். ஆனால் உன்ர கடன் காசையும் விடமாட்டன். ஆர் பிழை விட்டதோ அவள் கட்டட்டும். பவுண் விலை இப்ப ஏறிக் கிடக்கு. காப்பு ஆறையும் கழட்டு. சங்கிலியையும் கழட்டு. தாலி நிக்கட்டும், நான் இன்னும் சாகேல்லை."

விமலாக்கா காப்பைக் கழற்றத் தொடங்கினாள். தகப்பன் போட்டு அனுப்பின காப்பு. கலியாணத்துக்குப் பிறகு கை பருத்துவிட்டது, கழலவில்லை. குசினிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டாள். கணேசலிங்கம் பத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு குசினி வாசலில் நின்றான். பைப்புக்குக் கீழே கையைத் திருகித் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தவள் நிமிராமல் பேசினாள்.

"நீங்கள் பின்னுக்குப் போனதை நான் கண்டனான், தம்பி."

அவள் அடுத்த காப்புக்குச் சவர்க்காரம் போட்டாள்.

"அவருக்குச் சொல்லேல்லை. சொன்னால் நம்பவும் மாட்டார். நீங்கள் சொன்னால் நம்புவார்." கடைசிக் காப்பு தோலை உரித்துக்கொண்டு வந்தது. "சொல்லுவியளோ?"

பத்திரம் அவன் கையில் இருந்தது. அதில் கீழே அவனுடைய பெயர் எழுதவேண்டிய இடத்தை அவனால் இப்போது வாசிக்க முடிந்தது. தைக்கு இன்னும் கிடந்தது இரண்டு மாதம்.

"கையில மருந்து போடுங்கோ, அக்கா," என்றான்.

அவள் காப்பையும் சங்கிலியையும் கழுவித் துடைத்துக் கொண்டுபோய்ப் புருசனின் மடியில் வைத்தாள். ஜெயரட்ணம் ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளங்கையில் பாரம் பார்த்தார். வாய்க்குள் கூட்டினார். கணேசலிங்கம் காத்து நின்றான்.

"கடனுக்குக் காணும்," என்றார் கடைசியில். "நாப்பது சதத்தை விடுறன்."